ஐந்து நட்சத்திர மெடிக்கல்ஸ் எது?

மெடிக்கல்ஸ் கடைகளுக்கு இணையத்தில் விழும் விமர்சனங்களை வரிசையாகப் படித்தால் ஒரு வேடிக்கை புலப்படும். ஐந்து நட்சத்திரப் பாராட்டு பெரும்பாலும் இந்த ரகம்: டாக்டர் சீட்டு கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டார்கள், காலி அட்டையைக் காட்டினால் போதும், டாக்டர் எழுதியது இல்லையென்றாலும் அதே கன்டென்ட்டில் (மருந்துப் பொருளில்) வேறு கம்பெனி எடுத்துக் கொடுப்பார்கள், 20 சதவீதம் தள்ளுபடி. ஒற்றை நட்சத்திரத் திட்டு இந்த ரகம்: ஆன்டிபயாடிக் கேட்டால் டாக்டரைப் பாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறார்கள், மீந்த அரை அட்டையைத் திரும்ப வாங்க மாட்டேன் என்கிறார்கள், பார்மசிஸ்ட் வரும்வரை உட்காரச் சொல்கிறார்கள். 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தையும் அதன் கீழ் வந்த 1945ஆம் ஆண்டு விதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால், இந்த நட்சத்திரங்களில் பாதியை இடம் மாற்றிப் போட வேண்டியிருக்கும்.

இங்கே மதிப்பிடப்படுவது தமிழ்நாட்டுச் சில்லறை மருந்துக்கடைகளின் கவுன்டர் சேவை. தனிக்கடை, கிளைகள் வைத்த செயின் கடை, ஆப் வழியாக வீட்டுக்கு வருவது என மூன்றுக்கும் அளவுகோல் ஒன்றுதான்: விதி 65. உரிமத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் நிபந்தனைகள் எல்லாம் அந்த ஒரே விதிக்குள் அடக்கம்.

முதலில் சுவர். படிவம் 20, படிவம் 21 என்று இரண்டு உரிமங்கள் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். 20 பொதுவான மருந்துகளுக்கு. 21 இன்சுலின், தடுப்பூசி போன்று விதிகளின் இணைப்புப் பட்டியல்களான அட்டவணை சி, சி1இல் வரும் சரக்குகளுக்கு. 21 இல்லாத கடையில் இன்சுலின் இருந்தால் அது உரிமமில்லாத விற்பனை. 20ஏ, 21ஏ என்று எழுதியிருந்தால் அது கட்டுப்படுத்தப்பட்ட உரிமம். அங்கே பார்மசிஸ்ட் தேவையில்லை. அதனாலேயே டாக்டர் சீட்டுக்கு மட்டுமே தரக்கூடிய மருந்துகளை அங்கே விற்கவும் முடியாது. 2017 திருத்தத்துக்குப் பிறகு உரிமத்துக்குக் காலாவதி கிடையாது, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் கட்டினால் போதும். ஆகவே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய உரிமத்தில் பழைய தேதியைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. கடையின் பரப்பு குறைந்தது 10 சதுர மீட்டர். பெயர்ப்பலகையிலும் ஒரு விதி ஒளிந்திருக்கிறது: 'பார்மசி' என்ற சொல் மருந்தைக் கலந்து தயாரிக்கும் வசதியும் பார்மசிஸ்ட்டும் உள்ள கடைக்கு உரியது, பார்மசிஸ்ட் மட்டும் இருந்தால் 'கெமிஸ்ட்ஸ் அண்ட் டிரக்கிஸ்ட்ஸ்'. இன்று உரலும் உலக்கையும் பலகை ஓவியத்தில் மட்டுமே உள்ள கடைகள்கூட பார்மசி என்றே போட்டுக்கொள்கின்றன. அதற்கு மதிப்பெண் குறைத்தால் ஊரில் ஒரு கடையும் மிஞ்சாது, விட்டுவிடலாம்.

விட முடியாதது பார்மசிஸ்ட் விஷயம். டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது, பதிவு பெற்ற பார்மசிஸ்ட் கையாலோ அவருடைய நேரடிக் கண்காணிப்பிலோதான் நடக்க வேண்டும் என்கிறது விதி 65. 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவு, பதிவில்லாதவர் மருந்து வழங்குவதைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. 2015இல் வந்த பார்மசி நடைமுறை ஒழுங்குமுறைகளின்படி அவர் வெள்ளைக் கோட்டு அணிந்து, பெயரும் பதிவெண்ணும் உள்ள பேட்ஜைக் குத்தியிருக்க வேண்டும். நடப்பு என்ன? சான்றிதழ் சுவரில் இருக்கும், ஆள் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார். சான்றிதழை வாடகைக்கு விடுவது இந்தத் தொழிலின் பழைய நோய். கண்டுபிடிக்க எளிய வழி: "பார்மசிஸ்ட் யாருங்க?" என்று கேட்பது. பதில் வரத் தயங்கினால் தெரிந்துவிடும். மருந்து ஆய்வாளர் வரும்போது பார்மசிஸ்ட் இல்லாமல் விற்பனை நடந்துகொண்டிருந்தால், விதி 66இன் கீழ் உரிமம் இடைநிறுத்தமாகலாம், ரத்தாகலாம். கடைக்காரர் மூன்று மாதத்துக்குள் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆக, "பார்மசிஸ்ட் சாப்பிடப் போயிருக்கார், அரை மணியில வந்துடுவார், சீட்டு மருந்து அப்புறம்தான்" என்று சொல்லும் கடை உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. அந்த ஒற்றை நட்சத்திரத்தை ஐந்தாக்கலாம்.

சீட்டை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்

செல்லுபடியாகும் சீட்டில் இருக்க வேண்டியவை: டாக்டரின் வழக்கமான கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயர், முகவரி, கொடுக்க வேண்டிய மொத்த அளவு, வேளைக்கு எவ்வளவு என்பது. மொத்த அளவை எண்ணாக எழுதாமல் '1-0-1, 5 நாள்' என்று போட்டிருந்தால் கணக்கு 10 மாத்திரை. 15 மாத்திரை அட்டையை முழுதாகத் தள்ளிவிட்டு "மீதியை வெச்சுக்குங்க, உதவும்" என்பது சீட்டுப்படி கொடுத்ததாகாது. மீந்த ஐந்து ஆன்டிபயாடிக்தான் அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக்காரரின் தொண்டை வலிக்குப் போகிறது.

பலருக்கும் தெரியாத இன்னொன்று: ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து. மறுபடி கொடுக்கலாம், இத்தனை முறை, இத்தனை நாளுக்கு ஒருமுறை என்று டாக்டர் எழுதியிருந்தால் மட்டுமே அதற்கு மேல். கொடுத்ததும், சீட்டில் டாக்டர் கையெழுத்துக்கு மேலே கடையின் பெயர், முகவரி, கொடுத்த தேதி ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஒரு ரப்பர் முத்திரையில் முடிகிற வேலை. இதைச் செய்யும் கடை அரிது. செய்யாவிட்டால் என்ன என்கிறவர்கள் தூக்க மாத்திரைச் சீட்டை நினைத்துப் பார்க்கலாம். 30 அல்பிரசோலம் எழுதிய ஒரே தாள், முத்திரை விழாவிட்டால், ஒரே மாலையில் ஐந்து கடை ஏறி 150 மாத்திரையாகிவிடும். ஐந்து கடைக்காரரும் "சீட்டுக்குத்தான் கொடுத்தோம்" என்று நேர்மையாகவே சொல்வார்கள். சீட்டை வாங்கிப் படித்து, கேள்வி கேட்டு, முத்திரை குத்தித் திருப்பித் தரும் கடைக்கு ஒரு நட்சத்திரம் கூடுதலாகவே கொடுக்கலாம். காலி அட்டையைப் பார்த்துக் கொடுப்பவருக்கு அது கிடையாது. அந்த மருந்தை டாக்டர் நிறுத்திவிட்டாரா, அளவை மாற்றினாரா என்பது காலி அட்டைக்குத் தெரியாது.

அட்டையின் மீதுள்ள குறிகளைப் படிக்கத் தெரிந்துகொண்டால் கடையை எடைபோடுவது சுலபம். இடது மேல் மூலையில் ஆர்எக்ஸ் என்றால் டாக்டர் சீட்டு வேண்டிய அட்டவணை எச். அதோடு சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை வாசகம் இருந்தால் எச்1. என்ஆர்எக்ஸ் என்றால் போதை மருந்துச் சட்டமும் சேர்கிறது. எக்ஸ்ஆர்எக்ஸ் என்றால் அட்டவணை எக்ஸ்: கெட்டமின், மெத்தில்ஃபெனிடேட் போன்றவை. அதற்குத் தனி உரிமம் படிவம் 20எஃப், சீட்டு இரண்டு பிரதி, ஒன்றைக் கடை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும், மருந்து பூட்டிய அலமாரியில். சாதாரணத் தெருக்கடையில் எக்ஸ் சரக்கே இருக்காது, அதனால் அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

எச்சை விடக் கடுமையான பட்டியலான எச்1 தான் நிஜமான பரீட்சை. 2013 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. தொடக்கத்தில் 46 மருந்துகள். செஃபிக்சிம், செஃப்போடாக்சிம், லீவோஃப்ளாக்சாசின், மெரோபெனம், ரிஃபாம்பிசின், டிராமடால், அல்பிரசோலம், சோல்பிடம் எல்லாம் இதில். அசித்ரோமைசின், அமாக்சிசிலின் இதில் இல்லை, அவை எச். இரண்டுக்குமே சீட்டு வேண்டும் என்பதை மறந்து "எச்1 இல்லையே, கொடுக்கலாம்" என்று வாதாடும் கவுன்டர் ஆட்கள் உண்டு. எச்1 மருந்தைக் கொடுக்கும் அந்த நேரத்திலேயே தனிப் பதிவேட்டில் டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றை எழுத வேண்டும். பதிவேடு மூன்று ஆண்டு இருக்க வேண்டும்.

எங்கே சறுக்குகிறார்கள்? இரவு கடை அடைக்கும்போது நினைவிலிருந்து எழுதுவது ஒன்று. பில்லிங் சாஃப்ட்வேரை நம்பி உட்கார்ந்திருப்பது இன்னொன்று. சாஃப்ட்வேர் எச்1 பட்டியலைத் தானாகத் தயாரிக்கும், ஆனால் புதுச் சரக்கை ஏற்றும்போது யாராவது அதற்கு எச்1 என்று குறியிட்டிருந்தால் மட்டும். புது கம்பெனி செஃபிக்சிம் ஒன்று குறியில்லாமல் ஏறினால், மாதக்கணக்கில் பதிவேட்டில் தலைகாட்டாமலே விற்றுத் தீரும். டாக்டர் பெயர் கட்டத்தில் பக்கத்து கிளினிக் டாக்டரின் பெயரை நிரந்தரமாக நிரப்பி வைப்பது மூன்றாவது. எல்லா பில்லிலும் அவரே வருவார், பல் டாக்டர் சீட்டுக்கும் அவரே. ஆய்வாளருக்கு இதைப் பிடிக்க நுண்ணறிவெல்லாம் வேண்டாம். வாங்கிய பில்லில் 20 அட்டை, 200 மாத்திரை. ரேக்கில் இருப்பு 74. பதிவேட்டைக் கூட்டினால் 126 வர வேண்டும். 90 வந்தால் மீதி 36 எங்கே என்பதற்குக் கடைக்காரர் பதில் சொல்ல வேண்டும். வாங்குபவருக்கும் ஒரு சோதனை உண்டு: உங்கள் பில்லில் அச்சான டாக்டர் பெயர் உங்கள் டாக்டருடையதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கடையின் மற்ற ஏடுகளும் அப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கத் தடையில்லை.

"கன்டென்ட் ஒண்ணுதாங்க"

வாடிக்கையாளர் மிக விரும்பிப் பாராட்டும் சேவை இது. விதி நேராகத் தடுக்கும் சேவையும் இதுவே. சீட்டில் அட்டவணை எச் அல்லது எக்ஸ் மருந்து எழுதியிருந்தால், அதற்குப் பதிலாக வேறொரு தயாரிப்பை, அதே மருந்துப் பொருள் கொண்டதாக இருந்தாலும், கடைக்காரர் தானாக மாற்றிக் கொடுக்கக் கூடாது. கம்பெனி மாற்ற வேண்டுமென்றால் டாக்டருக்கு ஒரு போன். அவர் ஒப்புக்கொண்டால் அவரிடமிருந்து மாற்றிய சீட்டு. இதில் ஜனரிக் மருந்துக்கு (பொதுப் பெயரில் விற்கும் மருந்துக்கு) எதிரான சதி எதுவும் இல்லை. டாக்டர் மருந்தின் பொதுப் பெயரை எழுதியிருந்தால் எந்தத் தயாரிப்பையும் கொடுக்கலாம். மக்கள் மருந்தகத்தில் மலிவாக வாங்க நினைப்பவர் செய்ய வேண்டியது, கவுன்டரில் மாற்றச் சொல்லாமல், டாக்டரிடமே பொதுப் பெயரில் எழுதச் சொல்வது. பொதுப் பெயரைப் படிக்கும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவர்களின் நடத்தை விதியும் 2016 முதல் சொல்கிறது.

மாற்றம் ஏன் ஆபத்து என்பதற்குக் காரணம் மருந்தின் பெயரில் இல்லை, பெயருக்குப் பின்னால் வரும் இரண்டு எழுத்தில் இருக்கிறது. மெட்டோபுரோலால் சக்சினேட் எக்ஸ்ஆர் நாளுக்கு ஒருமுறை, மெதுவாகக் கரைவது. மெட்டோபுரோலால் டார்ட்ரேட் உடனே கரைவது, வழக்கமாக இருவேளை. இரண்டையும் 'மெட்டோபுரோலால் 50' என்று ஒரே பெட்டியில் போட்டு வைத்திருக்கும் கடையில், கன்டென்ட் ஒன்றுதான் என்பது பாதி உண்மை. வலிப்புக்கான ஃபெனிடாயின், தைராய்டுக்கான லீவோதைராக்சின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்றவற்றில் தயாரிப்பு மாறினாலே ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி இறங்கலாம். மாதாமாதம் கம்பெனி மாறிக்கொண்டே இருந்தால் டாக்டர் எந்த அளவை நம்பி மாத்திரையைக் கூட்டிக் குறைப்பார்? பாரசிட்டமால் போன்று அட்டவணை எச்சில் சேராதவற்றுக்கு இந்தத் தடை இல்லை; அங்கே கம்பெனி மாற்றித் தந்தால் குற்றம் பார்க்க வேண்டாம்.

கத்தரித்த அட்டை

ஒரு மெடிக்கல்ஸின் தரத்தைப் பத்து விநாடியில் பார்க்க ஒரு வழி: அரை அட்டை கேளுங்கள், கத்தரி எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலான அட்டைகளில் பேட்ச் எண்ணும் (ஒன்றாகத் தயாரான தொகுப்பின் எண்) எக்ஸ்பைரியும் ஒரு ஓரத்தில் மட்டுமே குத்தப்பட்டிருக்கும். நல்ல கடைக்காரர் மறு ஓரத்திலிருந்து வெட்டுவார். எழுத்துள்ள ஓரம் கடைசி மாத்திரை வரை கடையில் இருக்கும். அவசரக்காரர் எழுத்துள்ள பக்கத்தை வெட்டிக் கொடுத்துவிட்டு, மீந்த நான்கு மாத்திரையை டப்பாவில் போடுவார். ஆறு மாதம் கழித்து அந்த நான்குக்கும் பிறந்த தேதியும் தெரியாது, இறந்த தேதியும் தெரியாது. சரியாக வெட்டினாலும் வாங்குபவர் கையில் போவது எழுத்தில்லாத துண்டுதான். அந்தக் குறையை பில் நிரப்ப வேண்டும். அட்டவணை சி, எச், எக்ஸ் மருந்துகளைச் சீட்டுக்குக் கொடுக்கும்போது தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண், எக்ஸ்பைரி, கூடவே பார்மசிஸ்ட்டின் கையெழுத்து ஆகியவை பதிவில் இருக்க வேண்டும் என்று விதி சொல்வதன் பொருள் இதுதான்.

2025 அக்டோபரில், டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் 48.6 சதவீதம் கலந்திருந்த ஒரு குழந்தைகள் இருமல் சிரப் தமிழ்நாட்டில் பிடிபட்டபோது, அறிக்கையில் வந்த அடையாளம் எஸ்ஆர்-13 என்ற பேட்ச் எண். பேட்ச் எண் அச்சான பில்லை வைத்திருந்தவர் அலமாரியைத் திறக்காமலே தன் பாட்டில் அதுவா என்று சொல்லியிருக்க முடியும். கடைக்காரரும் யாருக்கெல்லாம் விற்றோம் என்று பட்டியல் எடுத்துப் போன் செய்திருக்க முடியும். "பில் வேண்டாம்னா இன்னும் 5 சதவீதம் குறைச்சுக்கறேன்" என்கிற கடை விற்பது இந்த வசதியைத்தான்.

எக்ஸ்பைரி பற்றி ஒரு சின்னத் திருத்தம்: மாதமும் ஆண்டும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை மருந்து செல்லும். ஜூன் 10இல் '06' என்று பார்த்துச் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. காலாவதியானதைக் கடையில் வைத்திருப்பதும், கம்பெனிக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தால் குற்றமாகாது. ஆனால் விற்பனைச் சரக்கிலிருந்து தனியாக, மேலே 'விற்பனைக்கு அல்ல' என்று பெரிதாக எழுதிய பெட்டியில் இருக்க வேண்டும். டாக்டர்களுக்கான இலவச சாம்பிளும், அரசு வழங்கல் முத்திரை உள்ள அட்டையும் எந்தச் சாக்கிலும் கடைக்குள்ளேயே இருக்கக் கூடாது. 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் க்யூஆர் குறியோ பார்கோடோ கட்டாயம். போனில் ஸ்கேன் செய்தால் பேட்சும் தேதியும் வரும். அட்டையில் குத்தியதோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நல்லது. ஆனால் அச்சடித்த குறியையும் நகலெடுக்கலாம் என்பதால் அதை மட்டும் முத்திரையாக நம்ப வேண்டாம்.

மீந்த அட்டையைத் திரும்ப எடுக்காத கடையைப் பற்றிய புகாருக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. உங்கள் வீட்டில் அந்த மாத்திரை டிவி மேல் இருந்ததா, கார் டேஷ்போர்டில் வெந்ததா என்று கடைக்காரருக்குத் தெரியாது. எடுத்துக்கொள்பவர் அதை அடுத்த ஆளுக்குத்தான் விற்பார். அந்த அடுத்த ஆள் நீங்களாகவும் இருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது 'ஒரு வேளை மாத்திரை'. காய்ச்சல், உடம்பு வலி என்றால் மூன்று டப்பாவிலிருந்து மூன்று மாத்திரை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பது. பெயரில்லை, அளவில்லை, தேதியில்லை. உள்ளே டைக்குளோஃபெனாக் இருக்கிறதா, டெக்ஸாமெத்தசோன் இருக்கிறதா என்று தின்பவருக்குத் தெரிய வழியில்லை. இரண்டும் சீட்டு மருந்து. வயிற்றுப்புண்காரருக்கும் சர்க்கரைக்காரருக்கும் இந்தப் பொட்டலம் என்ன செய்யும் என்று கேட்க ஒரு கேள்வி கவுன்டரில் எழுவதில்லை. இப்படிக் கொடுக்கும் கடைக்கு மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் பூஜ்யம்தான்.

சொல்லிக் கொடுப்பதும் சரக்கில் சேர்த்தி

2015 ஒழுங்குமுறைகள் பார்மசிஸ்ட் நோயாளிக்கு விளக்க வேண்டியதைப் பட்டியலிடுகின்றன: மருந்தின் பெயர், எதற்கு, எப்படி, எத்தனை நாள், பக்கவிளைவு, எங்கே வைப்பது, ஒருவேளை தவறினால் என்ன செய்வது. மாலை ஏழு மணிக் கூட்டத்தில் எல்லாருக்கும் எல்லாம் சொல்ல முடியாது. ஆனால் சில மருந்துகளை வாய் திறக்காமல் கொடுப்பதே பிழை.

இன்சுலின் ஒன்று. வயல் பாட்டில் இங்கே பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட். பென் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 40 யூனிட் வயலோடு ஆரஞ்சு சிரிஞ்சைக் கொடுத்தால், 20 என்ற கோடுவரை இழுத்தாலும் உள்ளே போவது 8 யூனிட்; சர்க்கரை இறங்கவில்லை என்று டாக்டர் அளவை ஏற்றுவார். பென் கெட்டுப்போனது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு சிரிஞ்சில் இழுத்தால் 20 என்பது 50 யூனிட்டாகும், இரவில் மயக்கம். "சிரிஞ்சு ஒண்ணு" என்று கேட்பவரிடம் "எந்த இன்சுலின், பாட்டிலா பென்னா?" என்று திருப்பிக் கேட்பதுதான் அந்தக் கடையின் மொத்தப் படிப்பும். ஃபிரிட்ஜையும் ஒரு கண் பாருங்கள்: 2 முதல் 8 டிகிரி, வெப்பமானி உள்ளே, தினமும் எழுதிய தாள் வெளியே. ஃபிரிட்ஜின் கதவிலும் ஃப்ரீசரை ஒட்டியும் இன்சுலின் இருக்கக் கூடாது; உறைந்த இன்சுலின் உருகினாலும் பயனில்லை. ஐஸ் பாக்கெட்டோடு கட்டிக் கொடுக்கும் கடை அக்கறையானதுதான், ஆனால் பாட்டிலைத் தாளில் சுற்றாமல் ஐஸ் மேலேயே வைத்தால் அக்கறையே கெடுதலாகும். மோர் டப்பா பக்கத்தில் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

மெத்தோட்ரெக்சேட் இன்னொன்று. மூட்டுவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் இது வாரத்துக்கு ஒருநாள் மாத்திரை. தினமும் தின்றால் வாய்ப்புண்ணில் தொடங்கி எலும்பு மஜ்ஜை ஒடுங்கி உயிருக்கே உலை. வாரம் 15 மி.கி. என்றால் 7.5 மி.கி. மாத்திரை இரண்டு, நான்கு வாரத்துக்கு எட்டு. சீட்டில் 30 என்று இருந்தாலோ, '1-0-0' என்று இருந்தாலோ, பார்மசிஸ்ட் மருந்தை எடுக்கும் முன் போனை எடுக்க வேண்டும். கொடுக்கும்போது கவரில் கிழமையின் பெயரையே எழுத வேண்டும்: 'திங்கள் மட்டும்'. வாரம் ஒருமுறை என்று எழுதினால் எந்த நாள் என்ற குழப்பம் வீட்டில் தொடரும்.

குழந்தைகளின் பாரசிட்டமாலும் இந்த வகைதான். டிராப்ஸ் மில்லிலிட்டருக்கு 100 மி.கி.; சிரப் 5 மில்லியில் 120 மி.கி. அல்லது 250 மி.கி. பத்து கிலோ குழந்தைக்கு 150 மி.கி. வேண்டுமென்றால் டிராப்ஸில் 1.5 மி.லி., 120 சிரப்பில் 6.25 மி.லி. சிரப் ஸ்டாக் இல்லை என்று டிராப்ஸ் பாட்டிலை மாற்றிக் கொடுத்து அளவைச் சொல்லாமல் விட்டால், வீட்டில் பழைய பழக்கத்தில் ஒரு ஸ்பூன் ஊற்றுவார்கள். அது 500 மி.கி.

தள்ளுபடிப் பலகை

விலைக் கட்டுப்பாட்டிலுள்ள மருந்துகளுக்கு 2013ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி சில்லறைக் கடையின் லாப வரம்பு 16 சதவீதம். அப்படியிருக்க, எல்லா மருந்துக்கும் 20 சதவீதம் தள்ளுபடி எப்படிச் சாத்தியம்? மொத்தமாக வாங்கும் செயின் கடைக்குக் கொள்முதல் விலையில் சலுகை கிடைக்கும். கட்டுப்பாட்டில் இல்லாத சரக்கில் லாபம் கூடுதல். எம்ஆர்பி உயரமாக அச்சடித்து மிகக் குறைவாக வரும் ஜனரிக்கில் அதைவிடக் கூடுதல். ஆகவே தள்ளுபடி தானாகக் குற்றமில்லை. தள்ளுபடியைத் தாங்க, எழுதியதை விட்டு அதிக லாபச் சரக்குக்கு மாற்றுவதுதான் கோளாறு, அது மேலே சொன்ன விதியில் மாட்டும். மருந்தின் எம்ஆர்பியை பார்மா சாஹி தாம் என்ற அரசு ஆப்பில் சரிபார்க்கலாம். அரை அட்டைக்கு முழு அட்டை விலையின் விகிதப்படிதான் வாங்க வேண்டும். "கட் பண்ணினா விலை கூட" என்பதற்கு இடமில்லை.

ஆப் சேவைக்கு வருவோம். பில் விஷயத்தில் தெருக்கடையை விட ஒரு படி மேல்: பேட்ச், எக்ஸ்பைரி, விற்ற கடையின் உரிம எண் எல்லாம் அச்சாகி வரும். குறை வேறு இடத்தில். சீட்டு இல்லையென்றால் இரண்டு நிமிடப் போன் உரையாடலில் ஒரு சீட்டு தயாராகிவிடுகிறது. பார்மசிஸ்ட் யார் என்பது கடைசிவரை தெரியாது. 'மலிவான மாற்று' என்று ஒரு பொத்தான். இணைய மருந்துக்கடைகளுக்கான வரைவு விதிகள் 2018 ஆகஸ்டில் வந்து வரைவாகவே நின்றன. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு 2020 மார்ச் 26 அறிவிக்கை போட்ட வரம்புகள்: படிவம் 20, 21 உரிமம் உள்ள கடை, அதே வருவாய் மாவட்டம், திடீர் நோய்க்கான சீட்டு ஏழு நாளுக்குள், நாள்பட்ட நோய்க்கு 30 நாளுக்குள், எச்1, எக்ஸ், போதை மருந்துகள் கிடையாது. நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைக்கு மாதாந்தர ஏற்பாடாக ஆப் நல்ல வசதி. புதிதாக எழுதிய மருந்துக்கும், இன்சுலினுக்கும், குழந்தை மருந்துக்கும் எதிரே ஆள் நிற்கும் கவுன்டர்தான் மேல்.

வாங்கிய மருந்தில் சந்தேகம் வந்தால் கடைக்காரரோடு வாதிட்டுப் பயனில்லை. பக்கவிளைவு என்றால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குச் சொல்லலாம். மருந்தே சரியில்லை என்று தோன்றினால், சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி வாங்கிய எவரும் படிவம் 14-ஏவில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். அறிக்கை படிவம் 14-பியில் வரும். திறந்த பாட்டிலையும் பாதி தின்ற அட்டையையும் எடுத்துக்கொண்டு போனால் "வீட்டில் என்ன ஆனதோ" என்ற கேள்வி எழும். அதே பேட்சில் பிரிக்காத இன்னொன்றும், அந்த பேட்ச் எண் அச்சான பில்லும் கையில் இருக்க வேண்டும்.